போதைப் பொட்டலத்தை முழுங்கியவர் வந்து நிற்கும்போது: வீடா, வார்டா, குடல் கழுவலா, ஆபரேஷனா?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். முதலாமவர் ராதாபுரம் பக்கம் நைட் டூட்டி பார்க்கும் இளம் டாக்டர். "அண்ணா, போலீஸ் ஒரு பையனைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. செக்கிங்ல பிடிக்கும்போது பொட்டலத்தை வாயில போட்டு முழுங்கிட்டானாம். பல்ஸ், பிபி எல்லாம் நார்மல். வயித்தைக் கழுவவா, சும்மா பாக்கவா, பாளையங்கோட்டைக்கு அனுப்பிரவா? புத்தகத்துல எல்லாம் ஏர்போர்ட்ல பிடிபட்டவங்களப் பத்தித்தான் இருக்கு." இரண்டாமவர் ஓர் அக்கா. "தம்பி நல்லாத்தான் இருக்கான் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிரும்னு பயப்படுதான். விளக்கெண்ணெய் குடுத்து வெளிய எடுத்துரலாமா?"

இருவருக்கும் போனிலேயே பதில் சொல்லியாயிற்று. அவசரத்தில் சொன்னதைக் கொஞ்சம் ஆற அமர எழுதி வைக்கிறேன். டாக்டர், சிஸ்டர்களுக்குப் பாதி, வீட்டு ஆட்களுக்குப் பாதி.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது, எந்த வகை முழுங்கல் என்பது. கடத்துவதற்கென்றே விழுங்குகிறவர் ஒரு வகை. ஒரே அளவாக, பல அடுக்கு லேட்டக்ஸோ பிளாஸ்டிக்கோ இறுக்கிச் சுற்றிய பொட்டலங்கள், ஐம்பது, நூறு என்று உள்ளே இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து கிராம். உறை உறுதிதான். ஆனால் கொக்கைன் ஒன்றிரண்டு கிராமே ஆளைக் கொல்லப் போதும் என்பதால், நூறில் ஒன்று கிழிந்தாலும் கதை முடிந்தது. இப்படி ஒருவர் மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது 1973-இல், கனடாவில். ஹஷீஷ் நிரப்பிய ஆணுறையை விழுங்கியவர், பதின்மூன்று நாள் கழித்துக் குடல் அடைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு வந்தார்.

இன்னொரு வகை, போலீஸைப் பார்த்த பதற்றத்தில் கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொள்பவர். ஒன்றோ இரண்டோ பொட்டலம். அளவு குறைவு. ஆனால் சுற்றியிருப்பது கேரிபேக் துண்டாக இருக்கும், சிகரெட் பெட்டிக்குள் வரும் சில்வர் பேப்பராக இருக்கும். வயிற்றுக்குள் பயணம் செய்யும் என்று யாரும் நினைத்துக் கட்டியதில்லை, ஆகவே சீக்கிரமே கசியும். நம் பக்கத்தில் நான் பார்த்தவை அநேகமாக எல்லாமே இந்த இரண்டாவது வகைதான். முதல் வகைக்கு எழுதிய விதிகளை இவர்களுக்கு அப்படியே போட்டால், தேவையில்லாததைச் செய்து, தேவையானதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது, உள்ளே இருப்பது என்ன சரக்கு. ஹெராயின், டேபன்டடால், டிரமடால் என்ற வலி மாத்திரைகள் போன்றவை மூச்சை அடக்கும். நாலக்ஸோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. கொக்கைனுக்கும் மெத்துக்கும் (மெத்தாம்பெட்டமின்) அப்படி ஒன்று கிடையாது. கஞ்சா பெரியவர்களை அரிதாகவே உயிராபத்துக்குக் கொண்டுபோகும். பொட்டலமே அடைத்துக்கொள்வதுதான் அங்கே பயம். (சின்னக் குழந்தை கஞ்சா சாக்லேட்டைத் தின்றுவிட்டால் அது வேறு கதை. குழந்தை நினைவிழந்து போகலாம். தூங்கட்டும் என்று விடாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.)

மூன்றாவது, இந்த நிமிஷம் அறிகுறி இருக்கிறதா. நான்காவது, விழுங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று. ஐந்தாவது புத்தகத்தில் இருக்காது: நீங்கள் நிற்கும் ஆஸ்பத்திரியில் இந்த ராத்திரி யார் இருக்கிறார், அடுத்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்.

## உண்மையை எப்படி வாங்குவது

மேலே சொன்னதில் பாதிக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான். அவர் பக்கத்தில் ஏட்டு நின்றால் விடை வராது. காவலரைக் கண் எட்டும் தூரத்தில், காது எட்டாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனை, எதில் சுற்றியது, முடிச்சா ஒட்டியதா, என்ன சரக்கு, எப்போது. "சொன்னா ஒண்ணும் ஆகாது" என்று பொய் வாக்கு கொடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டை நாளைக்குக் கோர்ட் கேட்கலாம். "சொல்லாட்டி என்ன மருந்து போடன்னு எனக்குத் தெரியாது" என்பதுதான் உண்மை. அதுவே போதும்.

அம்மா கூட வந்திருந்தால் இன்னும் நல்லது. "எய்யா, உள்ளதச் சொல்லிரு. டாக்டரு அடிக்கவா போறாவ?" என்று ஒரு அம்மா கேட்டதும் வந்த விடை, அதுவரை மூன்று பேர் மிரட்டியும் வரவில்லை.

பரிசோதனைகளை நம்பலாமா? ஓரளவுக்கு. கடத்தல் பொட்டலங்கள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடி ஸ்கேன் அதைவிடத் தெளிவு. அவசரத்தில் விழுங்கிய சின்னக் கவர் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சர்வ சாதாரணம். "எக்ஸ்ரே கிளியர்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சிறுநீர்ச் சோதனையும் அப்படித்தான்: உறை கசியாதவரை நெகட்டிவ் வரும், நேற்று அடித்தவருக்கு இன்று பாசிட்டிவ் வரும். பெண்ணாக இருந்தால் ஸ்கேனுக்கு முன் கர்ப்பச் சோதனை.

## வழி 1: வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது

அந்த அக்காவுக்கு நான் சொன்னது: வேண்டாம், கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

காரணம் எளிது. பொட்டலம் எப்போது கசியும் என்று யாருக்கும் தெரியாது. கசிந்தால் கொக்கைன், மெத் வகையில் வலிப்பும் நெஞ்சுவலியும் உடம்பு கொதிப்பும் வரும். ஹெராயின் வகையில் ஆள் தூங்குவதுபோலவே மூச்சு குறைந்துகொண்டே போவார். இரண்டாவதுதான் வீட்டில் பெரிய ஆபத்து. குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

வீட்டு வைத்தியம் எல்லாமே இங்கே எதிராக வேலை செய்யும். விளக்கெண்ணெய், பாரஃபின் போன்ற எண்ணெய்கள் லேட்டக்ஸ் உறையை இளக்கிவிடும். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் பொட்டலம் தொண்டையில் சிக்கலாம், கிழியலாம், மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வாழைப்பழத்தை அமுக்கி அமுக்கிக் கொடுப்பதாலும் பிரயோஜனம் இல்லை.

கேஸ் பயம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடுவார்கள், போலீஸுக்குத் தகவலும் போகும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழான கஞ்சா, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சச் சிறை ஓராண்டு. பத்து கிராம் பொட்டலத்தை முழுங்கி உயிரைப் பணயம் வைப்பது அந்தக் கணக்குக்கு ஒத்து வருகிறதா? அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவும் உண்டு: சிறிய அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம், ஆனால் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவார்களோ என்றும் பயப்பட வேண்டாம். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குற்றவாளியோ நிரபராதியோ, முதலில் உயிரைக் காப்பாற்று, காகித வேலை அப்புறம். அரசு, தனியார் இரண்டுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியாக இருக்கும் ஒரு சந்தர்ப்பத்தையாவது சொல்லலாம் என்று யோசித்தேன். எனக்குத் தோன்றவில்லை.

## வழி 2: வார்டில் படுக்க வைத்துப் பார்த்திருப்பது

அறிகுறி இல்லாத பெரும்பாலோருக்கு இதுதான் சிகிச்சை. கடத்தல் வகையிலும்கூட அநேகம் பேருக்குப் பொட்டலம் தானாகவே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் "சும்மா பாக்குறது" என்று என்னிடம் கேட்ட டாக்டர் சொன்னாரே, அந்தச் 'சும்மா' என்ற சொல்தான் எனக்கு ஆகாது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன். மூன்று கஞ்சாப் பொட்டலம் என்றான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்கு அவன் என்னைவிடத் தெம்பாக இருந்தான். சாப்பிட பரோட்டா கிடைக்குமா என்று கேட்டான். யாரோ நல்லெண்ணத்தில் மூக்கில் ஆக்சிஜன் மாட்டிவிட்டிருந்தார்கள். விரலில் மாட்டிய மெஷின் 98 காட்டியது. மூன்று மணிக்கு டூட்டி சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்று, சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். ஒன்பது மூச்சு. மெஷின் அப்போதும் 98. கண்ணைத் திறந்து பார்த்தால் பாப்பா (கண்மணி) கடுகளவு சுருங்கியிருக்கிறது. நாலக்ஸோன் போட்டதும் எழுந்து உட்கார்ந்தான். "எத்தனைடே முழுங்கின?" என்று மறுபடி கேட்டேன். "மூணுதான் சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு கூட்டாளிக்குள்ளது சார்" என்றான். அது மாத்திரையைப் பொடித்துக் கட்டியது. தன் பொட்டலத்தை மட்டும் எண்ணியிருக்கிறான்.

அதிலிருந்து என் வழக்கம் இது: ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு மாட்டுவதில்லை. மாட்டினால் மூச்சு குறைவதை மெஷின் வெகுநேரம் மறைத்துவிடும். மூச்சைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அரை மணிக்கொரு தடவை மூச்சு, பல்ஸ், பிபி, காய்ச்சல், பாப்பா. கையில் ஊசி வழி தயாராக இருக்க வேண்டும். "எத்தனை" என்ற கேள்வியோடு "யாருடையது எல்லாம்" என்றும் இப்போது கேட்கிறேன்.

நாலக்ஸோன் பற்றி ஒரு வார்த்தை. அதன் வேலை ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி. உள்ளே கசிவது அதைவிட நீளும். எழுந்துவிட்டான் என்று அனுப்பினால் வழியிலேயே மறுபடி மூச்சு நிற்கும். எழுப்பப் பிடித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு மணி டிரிப்ஸில் ஓட விடுவது வழக்கமான கணக்கு. முழுசாகத் தெளிய வைப்பது நோக்கமில்லை, மூச்சு ஓடினால் போதும். தடாலென்று தெளிய வைத்தால் வாந்தி எடுப்பார், முரண்டு பிடிப்பார்.

எவ்வளவு நேரம் பார்ப்பது? அவசரத்தில் விழுங்கியவருக்கு, அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் என்பது பல இடங்களில் உள்ள நடைமுறை. மெத் என்றாலோ, மெதுவாகக் கரையும் மாத்திரை என்றாலோ, உறை உறுதியாக இருந்ததாகச் சொன்னாலோ ஒரு நாள் முழுக்க. என்ன சரக்கென்றே தெரியாவிட்டாலும் ஒரு நாள். கடத்தல் வகைக்கு மணிக்கணக்கு கிடையாது: எல்லாம் வெளியே வந்து, அடுத்து இரண்டு மூன்று முறை பொட்டலமில்லாமல் மலம் கழிந்து, சிடியிலும் காலி என்று தெரிந்த பிறகுதான்.

இதன் மறைமுகச் செலவு ஆள் செலவு. நாற்பது படுக்கைக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் வார்டில் அரை மணிக்கொரு தடவை எண்ணுவது யார்? அது முடியாத இடம் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## வழி 3: கரி

ஆக்டிவேட்டட் சார்க்கோல், வார்டு பாஷையில் கரி. பெரியவருக்கு ஐம்பது கிராம், தண்ணீரில் கலக்கி. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்த, நினைவு தெளிவாக இருக்கும், தானாகக் குடிக்கக்கூடிய அவசர முழுங்கலுக்கு நல்ல தேர்வு. கசிவதைப் பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு.

மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆபரேஷன் ஆகலாம் என்று தோன்றுகிறவருக்குக் கொடுத்தால் சர்ஜன் உங்களைச் சபிப்பார்: வயிற்றைத் திறந்தால் எல்லாம் கறுப்பு. பத்திரமாகச் சுற்றிய பொட்டலத்தைக் கரி ஒன்றும் செய்யாது.

டியூப் விட்டு இரைப்பையைக் கழுவுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். பூச்சிமருந்துக் கேஸ் பார்த்துப் பழகிய கை உடனே அதற்குத்தான் போகும். பொட்டலக் கேஸில் வேண்டாம். அந்தக் குழாய் வழியாகப் பொட்டலம் வராது, உடைய வாய்ப்பு மட்டும் உண்டு.

## வழி 4: குடல் முழுவதையும் கழுவுவது

காலனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் குடிக்கச் சொல்வார்களே, அதே பிஇஜி பவுடர்தான். ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பெரியவருக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெளியே வருவது தெளிந்த தண்ணீராகும் வரை. சொல்லச் சுலபம். உப்பும் எலுமிச்சை எசன்ஸும் கலந்த வழவழப்பான அந்தத் தண்ணீரை மூன்றாவது டம்ளருக்கு மேல் மனமுவந்து குடித்தவரை நான் பார்த்ததில்லை. மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி, வாந்திக்கு ஊசி போட்டு மெதுவாக ஓட விட வேண்டும். ஐந்தாறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடக்க முடியாது, கமோட் நாற்காலி பக்கத்திலேயே வேண்டும். வருவது ஒவ்வொன்றையும் பார்த்து எண்ணியாக வேண்டும். எண்ணுகிறவர் மனசார எண்ண வேண்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு "வந்திருச்சு சார்" என்றால் ஆகாது.

யாருக்கு இது நல்லது? பல பொட்டலம், உறுதியான உறை, அறிகுறி இல்லை, குடல் அசைவு நன்றாக இருக்கிறது என்றால் நல்லது. இதனால் உயிர் பிழைப்பது கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. அமெரிக்க, ஐரோப்பிய நச்சு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2015-இல் புதுப்பித்த அறிக்கையும் அதை ஒப்புக்கொண்டு, கடத்தல் பொட்டலக்காரர்களுக்கு யோசிக்கலாம் என்ற அளவில்தான் நிறுத்துகிறது. கேரிபேக் முடிச்சு ஒன்றை முழுங்கிய பையனுக்கு நான் இதைச் செய்வதில்லை.

குடல் அடைப்பு, ஓட்டை, பிபி இறக்கம், மயக்கம், நிற்காத வாந்தி, இதில் எது இருந்தாலும் கழுவக் கூடாது. இன்னொன்று, முதலில் கரி கொடுத்துவிட்டு மேலே இதையும் ஓட விட்டால் கரியின் பிடிப்பு குறைந்துவிடும். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அரிப்பில் இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்டு.

## வழி 5: எண்டோஸ்கோப்பி

கேட்டால் ஆசையாக இருக்கும்: குழாயை விட்டு எடுத்துவிட்டால் முடிந்தது. கம்பியோ வலையோ பிடிக்கும்போது பொட்டலம் கிழிந்தால், ஒரு பொட்டலத்துச் சரக்கு மொத்தமும் ஒரே நொடியில் இரைப்பைக்குள். அதனால்தான் வழக்கமாகத் தவிர்க்கிறார்கள். ஒற்றைப் பொட்டலம், இரைப்பையிலேயே நாள்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கிறது, கைதேர்ந்த ஆள் இருக்கிறார், பக்கத்து அறையில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) திறந்து சர்ஜன் தயாராக நிற்கிறார் என்றால் யோசிக்கலாம்.

## வழி 6: ஆபரேஷன்

கொக்கைனோ மெத்தோ கசிகிறது என்று தெரிந்தால் யோசிக்க நேரமில்லை. மாற்று மருந்து கிடையாது, உள்ளே இருப்பதை எடுத்தால்தான் நிற்கும். லோரஸிபாம், மிடசோலம் கொடுத்துப் பதற்றத்தையும் வலிப்பையும் அடக்கிக்கொண்டே, உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே, ஓ.டி.க்குப் போக வேண்டும். பல்ஸ் 150 ஓடுகிறதே என்று பீட்டா பிளாக்கர் போடாதீர்கள். இசிஜியில் கியூஆர்எஸ் என்ற துடிப்பு அலை அகலமாகிவிட்டால் சோடா பைகார்ப். ஹெராயின் கசிவுக்கு இதே அவசரம் இல்லை, நாலக்ஸோனும் வென்டிலேட்டரும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

சரக்கு எதுவானாலும் குடல் அடைத்துவிட்டால், ஓட்டை விழுந்துவிட்டால், நாள்கணக்கில் கழுவியும் நகராவிட்டால் கத்திதான். மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, அழுக்கான குடலைத் திறப்பதால் தையல் சீழ் பிடிப்பது. மற்றது, ஒன்றிரண்டு பொட்டலம் உள்ளேயே தங்கிவிடுவது. எண்ணிக்கை சரிதான் என்று மூடிய வயிற்றுக்குள்ளும் மிச்சம் இருந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு சிடி எடுப்பது அதற்காகத்தான்.

"ஸார், எப்படியாவது எடுத்துக் குடுத்துருங்க, கேஸுக்கு வேணும்" என்று காவல் தரப்பு கேட்பது உண்டு. கைதானவரைப் பரிசோதிக்கும்படி கேட்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. பரிசோதனை வேறு, வயிற்றைத் திறப்பது வேறு. அது நோயாளிக்குத் தேவை என்றால் மட்டும்தான், அதுவும் அவருடைய சம்மதத்தோடு. வெளியே வந்ததை எண்ணி, நேரம் எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதோடு நம் பொறுப்பு முடிகிறது. என்ன சரக்கென்று பிரித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வழி | யாருக்குச் சரி | யாருக்குக் கூடாது | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| வீடு | யாருக்கும் இல்லை | எல்லாருக்கும் | தூக்கம் என்று நினைப்பது மூச்சடைப்பாக இருப்பது |
| வார்டில் கவனிப்பு | அறிகுறி இல்லாதவர் | கொக்கைன், மெத் கசிவு. குடல் அடைப்பு | ராத்திரி முழுக்க ஓர் ஆள் |
| கரி | ஒரு மணி நேரத்துக்குள் வந்த அவசர முழுங்கல், தெளிவான நினைவு | மயக்கம்; ஆபரேஷன் ஆகக்கூடியவர் | நுரையீரலில் போவது, சர்ஜனுக்குக் கண் மறைப்பது |
| குடல் கழுவல் | பல பொட்டலம், உறுதியான உறை, அறிகுறி இல்லை | அடைப்பு, ஓட்டை, பிபி இறக்கம், மயக்கம் | ஐந்தாறு மணி நேரம், எண்ணும் வேலை |
| எண்டோஸ்கோப்பி | நகராத ஒற்றைப் பொட்டலம், ஓ.டி. தயார் | மற்ற அநேகம் பேர் | உள்ளேயே கிழிவது |
| ஆபரேஷன் | கொக்கைன், மெத் கசிவு, அடைப்பு, ஓட்டை | வழக்குக்காக மட்டும் கேட்கப்படும்போது | சீழ், மிச்சப் பொட்டலம் |

## எங்கே வைத்துப் பார்ப்பது

ராதாபுரத்து டாக்டரின் உண்மையான கேள்வி இதுதான். வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நான்குவழிச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். திசையன்விளை, உவரிப் பக்கம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். தென்காசிக்காரர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை பக்கத்தில், அதைத் தாண்டி வேண்டுமென்றால் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

நான் சொல்லும் கணக்கு: கஞ்சா ஒன்றிரண்டு பொட்டலம், நம்பும்படியான விடை, அறிகுறி இல்லை, எண்ணுவதற்கு ஓர் ஆள், கையில் நாலக்ஸோன், மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவர் என்று எல்லாம் இருந்தால் இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம். கொக்கைன், மெத், என்னவென்றே தெரியாத பொடி, எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆள் நன்றாக இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். வலிப்பு வந்த பிறகு நாங்குநேரி டோல்கேட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதைவிட, ஒன்றும் வராமல் போய்ச் சேர்ந்து "எதுக்கு அனுப்பினீங்க" என்று திட்டு வாங்குவது மேல். ஏற்கெனவே மூச்சு குறைந்தவரை நாலக்ஸோன் கொடுத்து, மூச்சை உறுதி செய்யாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கூட ஒரு சிஸ்டரோ டாக்டரோ போக வேண்டும், இரண்டாவது டோஸ் கையில் இருக்க வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வீட்டு ஆட்கள் கேட்பார்கள். பக்கத்தில் இருந்து, ஐசியூவும் சர்ஜனும் அந்த நேரத்தில் இருந்தால் தாராளமாக. போலீஸ் தகவல் அங்கிருந்தும் போகும், அதை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். முன்பணம், ஐசியூ வாடகை எல்லாம் சேர்ந்த பிறகு இரண்டாம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரெஃபர் சீட்டில் "பொட்டலம் விழுங்கியவர், மேல்சிகிச்சைக்கு" என்று ஒரே வரி எழுதாதீர்கள். எத்தனை, என்ன உறை, என்ன சரக்கு என்று அவர் சொன்னார், எத்தனை மணிக்கு விழுங்கினார், கரி கொடுத்தீர்களா, நாலக்ஸோன் எத்தனை மணிக்கு எவ்வளவு, கடைசியாக எண்ணிய மூச்சு. கிளம்பும் முன் அங்கே போன் போட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கிறது. டாக்டர் என்று சொல்லிக் கேட்டால் பொறுமையாகப் பேசுவார்கள்.

அந்த ராதாபுரத்து டாக்டர் கடைசியாக இன்னொன்று கேட்டார், அதைப் புத்தகத்தில் தேடியும் கிடைக்கவில்லையாம்: கைவிலங்கை என்ன செய்ய? பின்னால் பூட்டியிருந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள். வாந்தியோ வலிப்போ வந்தால் ஆளை இடது பக்கமாகப் புரட்ட வேண்டும், பின்கை கட்டிய ஆளைப் புரட்ட முடியாது. தப்பிவிடுவான் என்று காவலர் சொன்னால் ஒரு கை மட்டும், கட்டில் கம்பியில். சாவி வைத்திருக்கும் காவலர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், டீக்கடைக்கு வேறு யாராவது போய்வரட்டும்.